இடது காலுக்கு எட்டாம் நம்பர்

இருபத்திரண்டு வருடங்களாக ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் தியாகராய நகர்க் கிளையில் வேலை பார்க்கிறேன். ஆஸ்பத்திரியில் படுத்து எழுந்தவர்கள் அனுப்பும் கோப்புகளைப் படித்து, இவருக்கு உண்மையிலேயே அந்த நோய் இருந்ததா, படுத்துத்தான் ஆக வேண்டியிருந்ததா என்று கேள்வி எழுப்புவது என் பொறுப்பு. அடுத்தவர் நோயை நம்பாமலிருப்பதற்குச் சம்பளம் வாங்குகிறவள் என்று சொன்னாலும் தவறில்லை. கால் வலி, முதுகு வலி, தலைசுற்றல் என்று எழுதி வந்தால் என் கை தானாகவே சிவப்புப் பேனாவைத் தேடும்.

என் கணவர் சைதாப்பேட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் பி.டி. மாஸ்டர். அவர் நோயை நம்பாதவர் அல்ல. நோய் என்று ஒன்று உண்டு என்பதே அவருக்குத் தெரியாது. அவரைப் பொறுத்தவரை மனிதர்களில் இரண்டு வகை. சரியாக வார்ம் அப் செய்தவர்கள், செய்யாதவர்கள். எங்கள் பெண் காய்ச்சலில் கிடந்தபோதும் ‘எழுந்து ரெண்டு ரவுண்டு நட, சரியாயிடும்’ என்றவர். அவள் இப்போது வேலை கிடைத்து புனேவுக்குப் போய்விட்டாள். அடையாறு வீட்டில் நாங்கள் இருவர் மட்டும். இப்படிப்பட்ட வீட்டுக்குள் ஒரு நோய் நுழைய வேண்டுமென்றால் அது நிறைய மெனக்கெட வேண்டும். மெனக்கெட்டது.

முதலில் மூக்கு வழியாக வந்தது. ஜலதோஷம் என்று நினைத்தேன். ஒரு மாதம் ஆகியும் விடவில்லை. மூக்குக்குள் பொருக்குத் தட்டும், சிந்தினால் ரத்தம் வரும். கணவர் நொச்சி இலை போட்டு ஆவி பிடிக்கச் சொன்னார், பிடித்தேன். பிறகு ஒரு காது அடைத்துக்கொண்டது. பிறகு மூட்டுகள். திங்கட்கிழமை மணிக்கட்டு வலிக்கும், புதன்கிழமை அது சரியாகி முழங்கால் வலிக்கும், வெள்ளிக்கிழமை தோள். என் மேசைக்கு இப்படி ஒரு கோப்பு வந்திருந்தால் ‘விவரங்கள் முன்னுக்குப் பின் முரணாக உள்ளன’ என்று எழுதித் திருப்பியிருப்பேன். கடைசியாக இரண்டு முழங்கால்களுக்கும் கீழே ஊதாப் புள்ளிகள், யாரோ மைப்பேனாவை உதறினாற்போல. எங்கள் குடும்ப டாக்டர் அதைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டு சிறுநீர்ப் பரிசோதனை எழுதிக் கொடுத்தார். அதிலும் ரத்தம். ஒரு மூட்டுவாத நிபுணரிடம் போகச் சொல்லிவிட்டார்.

அந்த டாக்டரம்மாவுக்கு நாற்பது வயதிருக்கும். வேகமாகப் பேசுவார், பேசிக்கொண்டே மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் படம் போடுவார். ஒரு குழாய் வரைந்தார், அதன் சுவரைத் தடிமனாக்கினார்.

“உங்க உடம்போட பாதுகாப்புப் படை, உங்க ரத்தக்குழாயையே எதிரின்னு நெனச்சு அடிக்குது. அதனால குழாயோட சுவர் அழற்சியாகி வீங்குது. மூக்கு, காது, தோல், கிட்னின்னு எங்க வேணா வரும். இதுக்குப் பேரு வாஸ்குலைட்டிஸ்.”

“எந்த ஆதாரத்த வெச்சு சொல்றீங்க?” என்றேன்.

மேசைக்கு அடியில் கணவர் என் காலை மிதித்தார். டாக்டர் கோபித்துக்கொள்ளவில்லை. “நியாயமான கேள்வி” என்று சொல்லி ரத்தப் பரிசோதனைகளின் நீண்ட பட்டியல் ஒன்றையும், மூக்கிலிருந்து சதை எடுத்துப் பார்ப்பதற்கு ஒரு சீட்டையும் கொடுத்தார். பத்து நாளில் ஆதாரம் வந்தது. மறுப்பதற்கு இடமே இல்லாத, சுத்தமான ஆதாரம். தொழில் முறையில் எனக்கே மரியாதை வந்துவிட்டது.

ஸ்டீராய்டு மாத்திரை, அதோடு ஆஸ்பத்திரியில் படுத்து ஏற்றிக்கொள்ள வேண்டிய ஒரு மருந்து என்று சிகிச்சை முடிவானது. என்னென்ன ஜாக்கிரதை என்று டாக்டர் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தார். எனக்கோ நான்கு மாதத்தில் நாத்தனார் மகள் கல்யாணம். மயிலாப்பூரில் மண்டபம் பிடித்தாகிவிட்டது, பட்டுப்புடவைக்கு ரவிக்கை தைத்தாகிவிட்டது.

“ஸ்டீராய்டு சாப்பிட்டா முகம் எவ்ளோ வீங்கும் டாக்டர்?”

“முகத்த விடுங்க. நான் காலப் பத்திப் பேசிட்டிருக்கேன்.” பேனாவால் குழாய்ப் படத்தைத் தட்டினார். “இந்த நோய் தீவிரமா இருக்கற முதல் சில மாசம் ரத்தம் உறையற ஆபத்து அதிகம். பெரும்பாலும் கால்லதான். ஒரு கால் மட்டும் வீங்கினாலோ வலிச்சாலோ அன்னிக்கே வரணும். அடுத்த வாரம் இல்ல, அன்னிக்கே. திடீர்னு மூச்சு வாங்கினா அந்த நிமிஷமே.”

“மூக்குல ரத்தம் நிக்காம ஒழுகுதுன்னுதான் உங்ககிட்ட வந்தேன். இப்ப உறையும்ங்கறீங்க. ரெண்டுல எது?”

“ரெண்டும்” என்றார்.

முன்னுக்குப் பின் முரண் என்று மனசுக்குள் குறித்துக்கொண்டேன். கணவர் கைப்பேசியை எடுத்து டாக்டர் சொன்னதையெல்லாம் கவனமாகத் தட்டச்சு செய்தார். மாவட்ட வாலிபால் போட்டி அட்டவணைக்குப் பக்கத்தில் அது பத்திரமாக இருந்தது. இருவரும் அதைத் திறந்து பார்க்கவில்லை என்பதுதான் விஷயம்.

ஸ்டீராய்டு தொடங்கிய முதல் மூன்று வாரம் நான் வாழ்க்கையில் என்றுமே இல்லாத சுறுசுறுப்போடு இருந்தேன். காலை ஐந்து மணிக்குள் பீரோவைக் காலி செய்து மறுபடி அடுக்கிவிடுவேன். எட்டு இட்லி சாப்பிட்டுவிட்டு ஒன்பதாவது எங்கே என்று பார்ப்பேன். கன்னம் உப்பி, முகம் பளபளத்தது. ஆபீஸில், “இப்பதான் மேடம் நல்லா பூசினாப்ல இருக்கீங்க, என்ன க்ரீம் போடறீங்க?” என்று கேட்டார்கள். மூக்கில் ரத்தம் நின்றுவிட்டது, புள்ளிகள் மங்கின. நோய் போய்விட்டது என்றே முடிவு கட்டிவிட்டேன்.

அப்போதுதான் ஒரு செவ்வாய்க்கிழமை இடது கெண்டைக்கால் வலித்தது. படியிறங்கும்போது உள்ளே யாரோ ஒரு கயிற்றை முறுக்குவது போல. வீட்டுக்கு வந்து சொன்னேன். கணவரின் முகம் மலர்ந்தது. மூக்கும் காதும் அவர் அறியாத பிரதேசங்கள். கெண்டைக்கால் அவருடைய சொந்த ஊர்.

“தசைப் பிடிப்பு” என்றார் உடனே. “ஸ்டீராய்டு சாப்பிட்டா தசை பலவீனமாகும்னு டாக்டரே சொன்னாங்க இல்ல? சுவத்துல கை வெச்சு நில்லு. குதிகால தூக்காத. இப்ப முன்னால சாய்.”

சாய்ந்தேன். உயிர் போயிற்று.

“வலிக்குதா? அப்ப சரியான எடத்ததான் புடிச்சிருக்கோம்.”

மறுநாள் சாயங்காலம் தைலத்தை எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். முப்பது வருடமாகப் பிள்ளைகளின் கால்களை நீவிவிட்ட கை அது. அழுத்தமாக, கீழிருந்து மேலாக நீவிவிட்டார். நான் போட்ட சத்தத்தில் எதிர் வீட்டுக்காரர் கதவைத் திறந்து பார்த்தார். அதற்கடுத்த நாளும் நீவினார். வெள்ளிக்கிழமை, “உக்காந்தே இருந்தா இன்னும் இறுகிடும்” என்று பெசன்ட் நகர் கடற்கரைக்கு அழைத்துப்போய் நடக்கவிட்டார். அவர் முன்னால் நிமிர்ந்து போக, நான் பின்னால் இழுத்து இழுத்து நடந்தேன். குப்பத்துப் பக்கம் வாரம் தவறாமல் நாங்கள் மீன் வாங்கும் பெண்மணி கூடையோடு உட்கார்ந்திருந்தார்.

“யக்கா, இன்னா நொண்டிக்கினு போற?”

“தசை புடிச்சிடுச்சும்மா.”

“சாரு கூட கீறாரு இல்ல, உனுக்கு இன்னா கவல” என்றார் அவர், என் கணவரை மரியாதையோடு பார்த்து. கணவர் இன்னும் கொஞ்சம் நிமிர்ந்தார்.

எனக்குச் சந்தேகம் வரவில்லையா என்று பின்னால் எல்லோரும் கேட்டார்கள். வரவில்லை. கால் வலி என்று வந்த கோப்புகளில் எத்தனையைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன்! கால் வலிக்கு டாக்டரிடம் ஓடுவது என் சுயமரியாதைக்கு இழுக்காகப் பட்டது. வீக்கத்தையும் கவனிக்கவில்லை. புடவை கட்டுகிறவளுக்குத் தன் கெண்டைக்காலைப் பார்க்க நேரம் ஏது?

சனிக்கிழமை சாயங்காலம் கல்யாணத்துக்குச் செருப்பு வாங்கத் தியாகராய நகர் போனேன். கணவர் பள்ளியில் ஒரு போட்டியை முடித்துவிட்டு, ட்ராக் சூட்டோடு, கழுத்தில் விசிலோடு, நேராகக் கடைக்கு வந்துவிட்டார். கடையில் அறுபது வயதுக்காரர் ஒருவர், பெரிய கண்ணாடி போட்டவர், முக்காலியில் உட்கார்ந்து என் வலது காலைப் பலகையில் வைத்து அளந்தார். “ஆறு” என்றார். தங்க நிற வார் வைத்த ஒரு ஜோடி வந்தது. வலது கால் வழுக்கிக்கொண்டு உள்ளே போயிற்று. இடது கால் பாதியில் நின்றது.

ஏழு கொண்டுவந்தார். நிற்க முடிந்தது, வார் மாட்டவில்லை. எட்டு கொண்டுவந்தார். மாட்டியது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு இரண்டு கால்களையும் மாறி மாறிப் பார்த்தார்.

“மேடம், தப்பா நெனைக்காதீங்க. முப்பத்தஞ்சு வருஷமா காலப் பாத்துட்டிருக்கேன். எல்லாருக்கும் ஒரு கால் கொஞ்சம் பெருசாத்தான் இருக்கும். அரை நம்பர் இருக்கும். ரெண்டு நம்பர் இருக்காது. வலதுக்கு ஆறு, இடதுக்கு எட்டு. இப்படி ஜோடி போட்டு நாங்க குடுக்கறதும் இல்ல.”

“தசைப் பிடிப்பு” என்றார் கணவர்.

“இருக்கலாம் சார். ஆனா தசை புடிச்சா பாதம் ஏன் சார் வீங்குது?” என்றபடி அவர் என் கணுக்காலுக்கு மேலே கட்டைவிரலால் மெல்ல அழுத்தி எடுத்தார். மாவில் பதித்தது போல ஒரு குழி விழுந்தது. மூன்று பேரும் அந்தக் குழியையே பார்த்துக்கொண்டிருந்தோம். அது மூடுவதாக இல்லை.

கணவர் குனிந்து புடவைக் கரையை ஒரு சாண் உயர்த்தினார். வலது கெண்டைக்கால் என்னுடையதாக இருந்தது. இடது, வேறு யாருடையதோ போல, தடித்துச் சிவந்து பளபளத்தது. அவர் கைப்பேசியை எடுத்து வாலிபால் அட்டவணையைத் தாண்டிப் போய் எதையோ படித்தார். அவர் முகத்திலிருந்து ரத்தம் இறங்குவதை நான் பார்த்தேன்.

டாக்டருக்கு நானே போன் செய்தேன்.

“எத்தன நாளா?” என்றார்.

“செவ்வாய்க்கிழமையிலேர்ந்து.”

“மூச்சு வாங்குதா? நெஞ்சு வலி?”

“இல்ல. டாக்டர், ஒரு செருப்பு மட்டும் வாங்கிட்டு…”

“செருப்பு வேணாம். நேரா ஆஸ்பத்திரிக்கு வாங்க, நான் அங்கதான் இருக்கேன். கால நீவல இல்ல?”

நான் கணவரைப் பார்த்தேன். “நீவினாரு” என்றேன்.

“அவர்கிட்ட போனக் குடுங்க.”

அந்தப் பக்கம் என்ன சொன்னார் என்று இன்றுவரை அவர் எனக்கு முழுதாகச் சொல்லவில்லை. “சரிங்க மேடம், சரிங்க மேடம், தொடமாட்டேங்க மேடம்” என்று, தலைமையாசிரியர் முன்னால் நிற்கும் பையன் போலச் சொல்லிக்கொண்டே வாசலுக்குப் போய் ஒரு கையால் ஆட்டோவை நிறுத்தினார். செருப்புக்கடைக்காரர் என்னுடைய பழைய செருப்பை மாட்டிவிடக் குனிந்தார். இடது கால் அதற்குள்ளும் சரியாகப் போகவில்லை. அவர் எட்டாம் நம்பரின் இடது கால் செருப்பை எடுத்து மாட்டிவிட்டு, “போயிட்டு வாங்கம்மா, அப்பறம் பாத்துக்கலாம்” என்றார். இப்படியாக நான் இரண்டு வேறு செருப்புகளோடு ஆட்டோ ஏறினேன்.

சனிக்கிழமை மாலை தியாகராய நகரில் ஆட்டோ எப்படிப் போகும் என்று சொல்ல வேண்டியதில்லை. மெட்ரோவுக்காகத் தோண்டியது போக மிச்சமிருந்த சாலையில் ஊரே நின்றது. ஐந்து நிமிடம் பொறுத்த கணவர், அடுத்து ஆட்டோவிலிருந்து பாதி உடம்பை வெளியே நீட்டி விசில் ஊதினார். வெறும் ஊதல் இல்லை. மைதானத்தின் அடுத்த கோடியில் இருப்பவனை நிறுத்தும் ஊதல். முன்னால் நின்ற இரண்டு ஸ்கூட்டர்கள் திடுக்கிட்டு ஒதுங்கின. ஆட்டோ பத்தடி நகர்ந்தது.

“சூப்பரு சார்” என்றார் ஆட்டோக்காரர். “ஆனா போலீஸ்காரு பாத்தாருன்னா என் வண்டியத்தான் ஓரங்கட்டுவாரு.”

சொல்லி வாய் மூடவில்லை, போக்குவரத்துக் காவலர் ஒருவர் வந்து நின்றார். “யாருய்யா இங்க விசிலு?”

“நான்தான் சார். வொய்ஃபுக்குக் கால்ல ரத்தம் உறைஞ்சிருக்கு.”

காவலர் உள்ளே எட்டிப் பார்த்தார். சிவப்புப் பேனாவோடு இருபத்திரண்டு வருடம் உட்கார்ந்தவளுக்கு அந்தப் பார்வை தெரியும். நம்பாத பார்வை. “எந்தக் கால்?” என்றார். என் வாழ்க்கையில் முதல் தடவையாக ஆதாரம் காட்ட வேண்டிய இடத்தில் நான் இருந்தேன். இரண்டு கால்களையும் சேர்த்து நீட்டினேன். ஒன்றில் பழுப்புச் செருப்பு, ஒன்றில் தங்க வார். அவர் ஒரு கணம் பார்த்துவிட்டுத் தன் விசிலை வாயில் வைத்தார். அடுத்த சிக்னல்வரை முன்னால் அவர் ஊத, பின்னால் இவர் ஊத, சாமி ஊர்வலம் போல நாங்கள் போனோம்.

ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்த பெண் தொடையில் குளிர்ந்த பசையைத் தடவிக் கருவியை வைத்து அழுத்தினார். நல்ல ரத்தநாளம் என்றால் அழுத்தினால் தட்டையாகிவிடுமாம். என்னுடையது திரையில் கறுப்பு வட்டமாக அப்படியே நின்றது. முழங்காலுக்குப் பின்னாலிருந்து தொடை நடுவரை ரத்தம் உறைந்திருந்தது. நெஞ்சையும் ஸ்கேன் செய்தார்கள். அந்த முடிவு வரும்வரை இருந்த முக்கால் மணி நேரத்தைப் பற்றி வேடிக்கையாக எழுத எனக்கு வரவில்லை. உறைந்த ரத்தத்தில் ஒரு துணுக்கு பிரிந்து நுரையீரலுக்குப் போயிருந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். அந்தச் சொற்களை எத்தனையோ கோப்புகளில் படித்திருக்கிறேன், இறப்புச் சான்றிதழுக்கு முந்தைய பக்கத்தில்.

நுரையீரல் சுத்தமாக இருந்தது. டாக்டர் வந்து சொன்னதும் கணவர் சுவர் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. முப்பது வருடத்தில் நான் பார்த்திராத காட்சி.

“நானே உன்னக் கொன்னிருப்பேன்” என்றார். “ரெண்டு நாள் நீவினேன். நடக்க வேற வெச்சேன்.”

ஆனால் ஸ்டீராய்டு எடுத்தவளின் வயிறு யாருக்காகவும் காத்திருக்காது. “அழுது முடிச்சுட்டு கேன்டீன்ல தோசை இருக்கான்னு பாருங்க” என்றேன். அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு போனார். இரண்டு வாங்கி வந்தார். இரண்டையும் நானே சாப்பிட்டேன்.

அதன் பிறகு அவர் மாறிப்போனார். ரத்தம் மேலும் உறையாமலிருக்க வயிற்றுச் சதையில் போடும் ஊசியைத் தானே போடக் கற்றுக்கொண்டார். காலையும் மாலையும், “ஸ்டெடி… ஒன்… டூ…” என்று எண்ணித்தான் குத்துவார். கூடவே மாத்திரையும் தொடங்கியது; ஒரு வாரம் போல இரண்டும் சேர்ந்தே ஓடின. ரத்தத்தை இளக்கும் அந்த மாத்திரை ஒரு விசித்திரப் பிறவி. கொஞ்சம் கூடினால் ரத்தம் நிற்காது, கொஞ்சம் குறைந்தால் மறுபடி உறையும். சரியான அளவில் இருக்கிறதா என்று ரத்தம் எடுத்து ஒரு எண் பார்ப்பார்கள். அது இரண்டுக்கும் மூன்றுக்கும் இடையில் இருக்க வேண்டும். கீரை நிறையச் சாப்பிட்டால் எண் இறங்கும்.

“கீரையே கூடாதா?” என்று கணவர் கேட்டார்.

“சாப்பிடலாம். ஆனா வாரா வாரம் ஒரே அளவு. ஒரு வாரம் நெறைய, ஒரு வாரம் ஒண்ணுமில்லன்னு இருக்கக்கூடாது.”

இதைக் கேட்ட மறுநாள் வீட்டுக்கு ஒரு எடை இயந்திரம் வந்தது. செவ்வாயும் வெள்ளியும் நாற்பது கிராம் கீரை. ஒரு தண்டு கூடினாலும் கிள்ளி எடுத்துவிடுவார். குளிர்பதனப் பெட்டியின் கதவில் என் எண்களை ஸ்கோர் போர்டு போல ஒட்டினார். 2.3, 2.6, 2.4. பக்கத்தில் ‘சபாஷ்’ என்று கூட ஒருமுறை எழுதியிருந்தது.

ஏழாவது வாரம் எண் 1.4 என்று வந்தது.

“கீரை சாப்பிட்டீங்களா?” என்றார் டாக்டர் போனில். கணவர் மனமுடைந்து போனார். ஏழு வாரக் கணக்கையும் கிராம் பிசகாமல் ஒப்பித்தார். மாத்திரை ஒன்றுகூடத் தவறவில்லை. டாக்டர் அளவைக் கூட்டினார், சில நாளைக்கு மறுபடி ஊசியும் போடச் சொன்னார். எனக்கு அப்போதுதான் என் தொழில் ஞாபகத்துக்கு வந்தது. விவரங்கள் முரண்படுகின்றன என்றால் யாரோ எதையோ சொல்லாமல் விட்டிருக்கிறார்கள்.

வீட்டுக்குள் புதிதாக வந்து போகிறவர் யார் என்று யோசித்தேன். நாத்தனார்தான். மகள் கல்யாண வேலைக்கு நடுவிலும் பத்து நாளாகக் காலையில் வந்து எனக்குக் கஞ்சி காய்ச்சிக் கொடுத்துவிட்டுப் போகிறார். அவர் கொண்டுவந்து வைத்திருந்த டப்பாவைத் திறந்து பார்த்தேன்.

“அண்ணி, இதுல என்ன இருக்கு?”

“சத்துமாவும்மா. கேழ்வரகு, கம்பு, பொட்டுக்கடல.”

“பச்சையா இருக்கே.”

“ஏலக்கா போட்டிருக்கேன்.”

“இவ்ளோ ஏலக்காயா?”

இப்படிப்பட்ட கேள்விக்கு முன்னால் என் ஆபீஸில் எத்தனையோ பேர் பேச்சிழந்திருக்கிறார்கள். அண்ணியும் இரண்டு நிமிடம்தான் தாக்குப்பிடித்தார். “முருங்கக்கீரையக் காயவெச்சுப் பொடி பண்ணி சேத்தேன்” என்றார் மெல்ல. “நீ வெளுத்துப் போயிட்ட. ரத்தம் ஊறட்டும்னு… தம்பிகிட்ட சொன்னா தராசத் தூக்கிட்டு வருவான்.”

“எனக்கு ரத்தம் ஊற வேணாம் அண்ணி. ஓடினாப் போதும்.”

அவர் கண்கலங்கிவிட்டார். நான்தான் சமாதானப்படுத்த வேண்டியதாயிற்று. கணவர் வந்ததும் விசாரணை முடிவைச் சொன்னேன். அக்காவைக் கோபித்துக்கொள்ள முடியாமல், 1.4-க்குப் பக்கத்தில் ‘ஃபவுல்’ என்று எழுதினார்.

கடற்கரைப் பக்கம் மீன்கார அம்மாவுக்கும் சங்கதி தெரிந்துவிட்டது. கணவரைக் கண்டதும், “இன்னா சார், கால்ல ரத்தம் கட்டிகினு கீது, நீ பாட்டுக்கு நட நடன்னு இட்டுக்கினு போன! பெரிய வாத்தியாரு!” என்று கூடையைத் தள்ளி வைத்துக்கொண்டார். அவர் தலைகுனிந்து நின்றார். ஒரு மாதம் வரை அவருக்கு நல்ல வஞ்சிரம் கிடைக்கவில்லை.

கல்யாணம் வந்தது. வீக்கம் முக்கால்வாசி வடிந்திருந்தது. இடது காலில் தொடைவரை இறுக்கமான மருத்துவக் காலுறை, அதன்மேல் பட்டுப்புடவை. செருப்புக்கடைக்காரர் தந்த ஒற்றைச் செருப்புக்குப் பணம் கொடுக்க மறுநாளே போன கணவர், ஆறும் எட்டுமாக இரண்டு ஜோடி வாங்கி வந்திருந்தார். ஒரே இடத்தில் அதிக நேரம் உட்காரக்கூடாது என்பது டாக்டரின் உத்தரவு. முக்கால் மணி நேரத்துக்கு ஒருமுறை கணவர் வந்து கையைக் காட்டுவார். நான் எழுந்து மண்டபத்தை ஒரு சுற்று சுற்றி வருவேன். காலுறை போட்ட கால் வழுக்கிவிடுமோ என்று தரையைப் பார்த்தே நடந்தேன். மூன்றாவது சுற்றில் ஒரு மாமி, “என்ன தேடறேள்?” என்றார். “ஒண்ணுமில்ல மாமி” என்றேன். நான்காவது சுற்றில் மூன்று பேர் என்னோடு சேர்ந்து தரையைப் பார்த்தார்கள். ஐந்தாவது சுற்றுக்குள் மோதிரம் தொலைந்துவிட்டது என்ற செய்தி சமையற்கட்டுவரை போய், அண்ணி பதறிக்கொண்டு மேடையேறி, முகூர்த்தம் முடிந்து அப்போதுதான் உட்கார்ந்திருந்த மாப்பிள்ளையின் விரலைப் பிடித்துப் பார்த்தார். மோதிரம் இருந்தது. “பின்ன யாரு மோதிரம்?” என்று கேட்டார். யாருக்கும் தெரியவில்லை. எனக்கு உண்மையைச் சொல்லத் தைரியமும் வரவில்லை. பந்தியில் இருவர் வாழையிலைக்கு அடியில் தேடிக்கொண்டிருந்தார்கள்.

இதெல்லாம் நடந்து ஒன்றேகால் வருடம் ஆகிறது. நோய் அடங்கியிருக்கிறது. அடங்கியிருக்கிறது என்றுதான் டாக்டர் சொல்வார், போய்விட்டது என்று சொல்லமாட்டார். நோய் அடங்கிய பிறகும் சில மாதம் பொறுத்துத்தான் ரத்தம் இளக்கும் மாத்திரையை நிறுத்தினார். நின்றுகொண்டே வேலை செய்தால் சாயங்காலம் இடது கணுக்கால் லேசாகக் கனக்கும். அவ்வளவுதான்.

போன மாதம் டாக்டரைப் பார்க்கப் போயிருந்தபோது, வெளியே ஒருவர் பயந்துபோய் உட்கார்ந்திருக்கிறார், இரண்டு வார்த்தை பேச முடியுமா என்று அவர் கேட்டார். போய்ப் பார்த்தேன். ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். மூக்கில் பஞ்சு. பக்கத்தில் மனைவி. கண்டக்டர், டாக்டர் வரைந்து கொடுத்த குழாய்ப் படத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டிருந்தார்.

“உங்களுக்கும் இதேவா?” என்றார்.

“இதேதான்.”

“பாத்தா தெரியலியே. நம்பற மாதிரி இல்லையே.”

“நானும் நம்பலீங்க” என்றேன். அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, படத்தை நேராகத் திருப்பிக் கொடுத்தேன். “மூக்கப் பத்தி டாக்டர் சொல்லிடுவாங்க. கால எப்படிப் பாத்துக்கணும்னு நான் சொல்றேன். தினம் காலையில எழுந்ததும் ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாருங்க. ஒண்ணு பெருசா இருந்தா அன்னிக்கே இங்க வந்துடணும். யாரு என்ன சொன்னாலும் நீவ விடாதீங்க.”

அவர் மனைவி சட்டென்று குனிந்து அவருடைய வேட்டியைத் தூக்கி இரண்டு கால்களையும் உற்றுப் பார்த்தார். காத்திருப்பு அறை முழுவதும் திரும்பிப் பார்த்தது.

“ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்கு” என்றார் அந்த அம்மா திருப்தியாக. “ரெண்டுமே குச்சி.”

கண்டக்டர் வேட்டியைப் பிடுங்கிக் கீழே இழுத்துக்கொண்டு சிரித்தார். அந்த ஆஸ்பத்திரிக்கு வந்ததிலிருந்து அதுதான் முதல் சிரிப்பு என்று அவர் மனைவி பின்னால் சொன்னார்.